சிரசு முடிந்து வருகிறேன்

அன்புள்ள ஐயா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். வயது 57. கல்யாணமாகி 33 வருடம். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துப் போன வருடம் ரிட்டையர் ஆனார். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பொங்கலுக்கு வந்த மருமகள், "அத்தை, உங்களுக்கு என்ன குழம்பு பிடிக்கும்? இன்னைக்கு நான் செய்றேன்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவருக்குப் பிடித்தது தெரியும், பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்தது தெரியும், செத்துப்போன மாமியாருக்குப் பிடித்ததுகூடத் தெரியும். ராத்திரி அவரிடம் சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஷிஃப்ட் இல்லாம நான் யாருன்னே தெரியல" என்றார்.

குடியாத்தத்தில் அம்மா வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்று மாதம் அங்கே தனியாக இருந்து என்னைத் தேடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அவர் சரி என்கிறார். பையன்தான் குதிக்கிறான். இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம், ஊர் சிரிக்கும், சட்டப்படி பிரிந்ததாக ஆகிவிடும் என்கிறான். 98-ல் அவர் இரண்டு வருடம் குஜராத்தில் சைட்டில் இருந்தபோது யாரும் இப்படிப் பேசவில்லை. நான் செய்வது தப்பா?

இன்னொன்று. முள்ளு கத்திரிக்காய் குழம்பு என்றால் அவருக்கு உயிர். செய்யத் தெரியாது. சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகட்டுமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், உங்கள் பையனுக்காக. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் துணையைக் கைவிட்டுப் போவது விவாகரத்துக்கு ஒரு காரணம், உண்மைதான். ஆனால் அது தொடர்ந்து இரண்டு வருடமாவது நீடித்திருக்க வேண்டும். தக்க காரணம் இல்லாமல், மற்றவர் சம்மதமும் இல்லாமல் போயிருக்க வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டு விவாகரத்து கேட்பதாக இருந்தாலும் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பிறகுதான் மனு போட முடியும். அவரே சரி என்று சொல்லி, நீங்கள் அரை மணி ரயில் தூரத்தில் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருப்பதற்கு எந்தக் கோர்ட்டிலும் பெயர் கிடையாது.

மேல்நாட்டுப் பழக்கம் என்கிறார் உங்கள் பையன். ஜப்பானில் இதற்குச் 'சோட்சுகோன்' என்று ஒரு சொல்லே இருக்கிறது. கல்யாணத்திலிருந்து பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வருவது என்று பொருள். 2004இல் வந்த ஒரு புத்தகத்தால் பரவியது. ஆக, அது கீழ்நாடு. நீங்கள் பட்டம் வாங்கப் போகவில்லை, லீவு போடுகிறீர்கள், அவ்வளவுதான். நம் ஆட்களுக்குப் பிரிவு புதிதா என்ன? தொல்காப்பியம் கற்பியலில் பிரிவுக்குக் கெடு வைத்திருக்கிறது. படிக்கப் போனால் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, அரசன் வேலை என்றால் ஓராண்டுக்குள் திரும்பிவிட வேண்டும். ஆனால் அந்தப் பிரிவுகளிலெல்லாம் போகிறவன் ஆண், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் பெண். உங்கள் கடிதத்திலேயே குஜராத் இருக்கிறது பாருங்கள். உங்கள் பையனை உறுத்துவது பிரிவு இல்லை. இந்த முறை போவது அம்மா, அதுதான்.

என் வீட்டுக் கதை ஒன்று. வேலூருக்குத் தெற்கே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்பார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பதால். எங்கள் ஊர் அதற்குப் பக்கம். என் அப்பாவும் பட்டாளம்தான். ஜலந்தர், அம்பாலா என்று 17 வருடம். வருடத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார். மீதிப் பத்து மாதம் அவர் எங்களுக்கு '56 ஏ.பி.ஓ.' என்ற பட்டாளத்துத் தபால் விலாசம்தான். எருமை கன்று போட்டது, கிணற்றில் மூன்று படி தண்ணீர் ஏறியது, எனக்கு அம்மை போட்டது, எல்லாவற்றையும் அம்மா இன்லண்டில் எழுதி அந்த விலாசத்துக்கு அனுப்புவாள்.

1979இல் பென்ஷனோடு வந்தார். கறுப்புத் தகரப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும். பெட்டியை இறக்கிய வாரமே அடுப்படியில் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கிவைத்தார். பருப்புக்கும் புளிக்கும் கை தானாகப் போய் எடுத்துப் பழகிய அம்மா, நின்று தேட வேண்டியதாயிற்று. காலை ஐந்தரைக்கு எல்லோரும் எழ வேண்டும். போர்வையை நாலு மூலையும் ஒட்டினாற்போல மடிக்க வேண்டும். பிறகு அவர் திண்ணையில் உட்காருவார், அம்மா போவதையும் வருவதையும் பார்த்தபடி. ஆறு மாதம் கழித்து அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது: "வந்து குந்தமாட்டாரான்னு பதினேழு வருசம் ஏங்கிக்கினு இருந்தேன். வந்தாரு. குந்திக்கினே கீறாரு."

ஒரு நாள் அம்மா துணிப்பையோடு ஆரணியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு இல்லை. பட்டு நெய்கிற வீடு, பாவு போட ஆள் வேண்டும், ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அப்பா ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. பத்தாம் நாள் போஸ்ட் ஆபீசுக்குப் போய் ஒரு இன்லண்ட் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து எழுதினார். அனுப்புநர் வட ஆற்காடு ஜில்லா, பெறுநரும் வட ஆற்காடு ஜில்லா. அந்தக் கடிதத்தைப் பல வருடம் கழித்து அதே தகரப் பெட்டியில் பார்த்தேன். எருமை இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, உன் குரல் கேட்காததால் என்று சொல்கிறார்கள். கிணற்றில் இரண்டு படி இறங்கிவிட்டது. பெரியவனுக்குச் சளி, கஷாயத்துக்கு எது எவ்வளவு என்று எழுதவும். அத்தனையும் அம்மா 17 வருடமாக அவருக்கு எழுதிய வரிகள். முதல் தடவையாக அவர் வீட்டிலிருந்து எழுதியிருந்தார்.

அம்மா கஷாயத்தின் அளவை ஒரு கார்டில் எழுதிப் போட்டாள். வருகிறேன் என்று எழுதவில்லை. சொன்ன தேதியில்தான் வந்தாள். டப்பாக்கள் அவள் வைத்திருந்த இடத்துக்கே திரும்பியிருந்தன. ஒன்றிரண்டு இடம் மாறித்தான் இருந்தது என்பாள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வதெல்லாம் தேதியைப் பற்றித்தான். 'மூன்று மாதம்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். மாசி பிறந்ததும் போங்கள். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். காட்பாடியில் பையன் கேட்டாலும் குடியாத்தத்தில் எதிர்வீட்டு அம்மா கேட்டாலும் இந்த ஒரு பதில் போதும். "வீட்ல சண்டையா?" என்று கேட்க வந்தவர் சிரசுக் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

'என்னைத் தேடப் போகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. காணாமல்போன சீப்பு மாதிரி அம்மா வீட்டுப் பரணில் நீங்கள் கிடைத்துவிட மாட்டீர்கள். முதல் இரண்டு வாரம் தூங்குவீர்கள். அப்புறம் வீட்டைக் கழுவுவீர்கள். அதற்கப்புறம் ஒரு மத்தியானம், செய்ய எதுவும் இல்லாமல், அக்கினி நட்சத்திர வெயிலுக்கு முந்தைய வெயிலில் கூடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். பயமாக இருக்கும். அன்றைக்குத்தான் உடனே ரயிலேறத் தோன்றும். ஏறாதீர்கள்.

மூன்று மாதத்துக்கான சாம்பார்பொடி, மிளகாய்ப்பொடி, ஃபிரிட்ஜ் நிறைய இட்லி மாவு என்று அடுக்கிவைத்துவிட்டுப் போகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்படிப் போனால் உடம்புதான் குடியாத்தத்தில் இருக்கும், கை காட்பாடி அடுப்படியில் இருக்கும். அவருடைய பிரஷர் மாத்திரைச் சீட்டு எங்கே என்று மட்டும் காட்டிவிடுங்கள். போன் வாரத்துக்கு இரண்டு தடவை போதும், "சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பிக்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கே வந்து நிற்க வேண்டாம். சிரசுக்குக் கூப்பிடுங்கள். விருந்தாளியாக வரட்டும், கையில் பழமோ பூவோ வாங்கிக்கொண்டு.

கத்திரிக்காய் குழம்பு. சொல்லிக்கொடுக்காதீர்கள். முள்ளு கத்திரிக்காய், அந்த இலவம்பாடி காய், உங்கள் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், வாங்கி வரட்டும். புளி எவ்வளவு, எப்போது வெந்தது என்று தெரியும் என்று கேட்டு போன் வரும். அப்போது சொல்லுங்கள். காம்பில் முள் இருக்கும், பார்த்துப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் கிளம்பும்போதே சொல்லிவிடலாம்.