எதிரொலி மட்டும் சுவராகாது

பழைய இசைத்தட்டுகள், ஒலிப்பதிவு பற்றிய வாசகர் கேள்விகள். இந்த இதழுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அறுபதுகளின் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரையும் அவரைப் பார்த்துச் செய்தவர்களையும் சுற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஏஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'ஃபில்ஸ் ஸ்பெக்டர்' தொகுப்பு ஸ்பெக்டர் தயாரித்த பாட்டுகளின் தொகுப்புதானே? வாங்கலாமா?
— கோவை வாசகர்

இல்லை. தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிவிடுகிறது. தயாரிப்பாளரின் பெயரும் 'ஸ்பெக்டர்', பேய் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் 'ஸ்பெக்டர்'. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் வேறு. தொகுப்பின் பெயரில் இருப்பது பேய். அதாவது ஸ்பெக்டரின் ஆவி புகுந்தது போல, அறுபதுகளில் மற்றவர்கள் செய்த பாட்டுகள். 2003, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்கள் வந்தன.

வாங்கலாம், ஆனால் முதலில் அல்ல. அசலைக் காதில் ஏற்றிக்கொள்ளாமல் நகலைக் கேட்டால், 'ஏதோ பழைய பாட்டு' என்று கடந்துவிடுவீர்கள். 1991இல் வந்த ஸ்பெக்டரின் 'பேக் டு மோனோ' நான்கு தட்டுப் பெட்டியோ, அவரது 1963 கிறிஸ்துமஸ் ஆல்பமோ கிடைத்தால் ஒரு வாரம் அதை ஓடவிடுங்கள். பிறகு இவற்றுக்கு வாருங்கள்.

'வால் ஆஃப் சவுண்ட்' என்கிறார்களே, அந்த ஒலிச்சுவரை ஸ்பெக்டர் எப்படிக் கட்டினார்? நிறைய எதிரொலி சேர்த்தார், அவ்வளவுதானே?
— திருச்சி வாசகி

எதிரொலி கடைசியில் அடிக்கும் சுண்ணாம்பு. சுவர் வேறு.

இடம், ஹாலிவுட்டில் இருந்த கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோ. டேவிட் கோல்டும் ஸ்டான் ராஸும் 1950இல் தொடங்கியது, 1984இல் மூடப்பட்டது. கூடம் பெரிதல்ல. அதற்குள் மூன்று நான்கு கிதார், இரண்டு மூன்று பியானோ, இரண்டு பேஸ், டிரம்ஸ், சாக்ஸபோன் கூட்டம், காஸ்டனெட், தம்பூரின், கிலுகிலுப்பை வகையறா எல்லாரையும் நெருக்கி உட்காரவைப்பார். ஜாக் நிட்சே இசைக்கோவை எழுதுவார், லாரி லெவின் ஒலிப்பதிவு, ஹால் பிளேன் டிரம்ஸ்.

முதலில் கிதார்காரர்கள் ஒரே கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டை) மணிக்கணக்கில் அடிக்க வேண்டும். அதன்மேல் பியானோக்கள் அதே கார்டை வேறு ஸ்தாயியில் வாசிக்கும். யாரும் தனித்துத் தெரியக்கூடாது. கிதாரும் பியானோவும் சேர்ந்து, எதுவென்று பெயர் சொல்ல முடியாத மூன்றாவது வாத்தியமாக ஆகவேண்டும். டிரம்ஸ் கடைசியில்தான் சேரும். இதெல்லாம் ஒரே அறையில் நடப்பதால் பியானோவின் ஒலி கிதார் மைக்கில் விழும், கிதார் டிரம்ஸ் மைக்கில் விழும். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் குறையென்று விரட்டியது இந்தக் கசிவைத்தான். ஸ்பெக்டருக்கு அதுதான் சாந்து.

1962இல் ஸ்பெக்டர் தயாரித்த 'ஜிப்-அ-டீ-டூ-டா' பாட்டின் பதிவின்போது நடந்ததைப் பாருங்கள். மூன்று மணி நேர ஒத்திகையில் ஒவ்வொரு மைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒலி மானியின் முள் சிவப்பைத் தாண்டி முட்டி நின்றது. லெவின் எல்லா மைக்கையும் ஒரே அடியாக அணைத்துவிட்டார். ஸ்பெக்டருக்குக் கோபம். லெவின் ஒன்றொன்றாக மறுபடி திறந்துகொண்டே வந்தார். பில்லி ஸ்ட்ரேஞ்சின் கிதார் மைக் ஒன்றுதான் பாக்கி. அந்த நொடியில் ஸ்பெக்டர், இதுதான் வேண்டும், பதிவு செய் என்றார். அந்தக் கிதார் மைக் கடைசிவரை திறக்கப்படவே இல்லை. தட்டில் கேட்கும் கிதார் தனி வாசிப்பு முழுக்க அடுத்தவர் மைக்குகளில் கசிந்து விழுந்தது. எங்கோ பக்கத்து வீட்டில் வாசிப்பது போல ஒலிப்பது அதனால்தான்.

இதன்பிறகே எதிரொலி. அங்கே சிமெண்ட் பூசிய, தவழ்ந்து நுழையும்படி சின்னக் கதவு வைத்த அறைகள் இருந்தன. கூடத்து ஒலியை ஸ்பீக்கர் வழியாக உள்ளே அனுப்பி, மைக்கால் திரும்ப எடுத்து, வாசிப்போடு சேர்த்துப் பதிந்தார்கள்.

நகல் செய்தவர்கள் எப்படி அவ்வளவு நெருங்கினார்கள்? தொழில் ரகசியம் ஏதும் இல்லையா?
— சேலம் வாசகர்

ரகசியம் காக்க வழியே இல்லை. கோல்ட் ஸ்டார் வாடகை ஸ்டுடியோ. வாசித்தவர்கள் தினக்கூலி இசைக்கலைஞர்கள். காலையில் ஸ்பெக்டருக்கு வாசித்தவர் மாலையில் இன்னொருவருக்கு வாசிக்கலாம். நிட்சே மற்ற நிறுவனங்களுக்கும் இசைக்கோவை எழுதினார். ஸ்பெக்டரிடம் எடுபிடியாகவும் தாளக்காரராகவும் இருந்த சானி போனோ, 1965இல் அதே ஸ்டுடியோவில் 'ஐ காட் யூ பேப்'பைப் பதிந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன், ஸ்பெக்டர் தயாரித்த 'பி மை பேபி'யைக் கேட்டுக் கிறங்கி, அதற்குப் பதில் சொல்வது போல 1964இல் 'டோன்ட் வொரி பேபி' செய்தார்.

என் கணக்கில் இந்த வகையின் உச்சம் 1966இன் 'சோல் அண்ட் இன்ஸ்பிரேஷன்'. ஸ்பெக்டருக்காகப் பாடிவந்த ரைட்சஸ் பிரதர்ஸ் இணை அவரை விட்டு வெர்வ் நிறுவனத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான பில் மெட்லியே தயாரிப்பாளராக உட்கார்ந்து, பழைய முதலாளியின் முறையை அப்படியே எடுத்துப் போட்டார். எழுதியவர்கள் பாரி மானும் சிந்தியா வைலும். ஸ்பெக்டரோடு சேர்ந்து 'யூ'வ் லாஸ்ட் தட் லவிங் ஃபீலிங்' எழுதிய அதே ஜோடி. இதுவும் முதலிடம் போனது. இதை நகல் என்பதா, சொத்துப் பிரிவினை என்பதா?

கோல்ட் ஸ்டார் பக்கமே போகாமல் சாதித்தவர்களும் உண்டு. வாக்கர் பிரதர்ஸின் 'த சன் எயின்ட் கோனா ஷைன் எனிமோர்' லண்டனில் ஜானி ஃபிரான்ஸ் தயாரித்தது, இசைக்கோவை ஐவர் ரேமண்ட். அந்த அறைகள் இல்லாமலே சுவர் எழும்பியதென்றால் பாரத்தைத் தாங்குவது இசைக்கோவைதான். எடுபடாமல் போன நகல்களைக் கேட்டாலும் இதே பாடம். ஐந்தாறு வாத்தியத்தை வைத்துக்கொண்டு எதிரொலியை மட்டும் ஏற்றியிருப்பார்கள். காலி மண்டபத்தில் கச்சேரி போல இருக்கும்.

ஸ்பெக்டரின் 'ஹீ இஸ் எ ரெபெல்' பாடியது கிரிஸ்டல்ஸ் குழுதானே?
— நெல்லை வாசகர்

தட்டில் அந்தப் பெயர். குரல் டார்லின் லவ் என்பவருடையது. அதே பாட்டை விக்கி கார் என்ற பாடகியும் பதிகிறார் என்று தெரிந்ததும், நியூயார்க்கில் இருந்த கிரிஸ்டல்ஸுக்குக் காத்திராமல் லாஸ் ஏஞ்சலிஸில் கிடைத்தவர்களைப் பாடவைத்து முந்திக்கொண்டார் ஸ்பெக்டர். 1962இல் முதலிடம்.

கணினியில் இந்த ஒலியைச் செய்துபார்க்கிறேன். எல்லா டிராக்கிலும் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டால் கூழாகிவிடுகிறது. எங்கே தவறு?
— சென்னை வாசகர்

அனேகமாக மூன்று இடத்தில்.

ஒன்று, ஒரே வாசிப்பைப் பிரதியெடுத்து அடுக்குகிறீர்கள். ஒரே ஒலியை இரண்டாக்கினால் 6 டெசிபல் சத்தம் கூடும், தடிமன் கூடாது. சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்று தகரக் குழாய்க்குள் பேசுவது போலாகும். ஒவ்வொரு முறையும் புதிதாக வாசித்துப் பதியுங்கள். அகூஸ்டிக் கிதார் நான்கு முறை என்றால் இரண்டு சாதாரணப் பிடியில், இரண்டு கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போட்டு வேறு பிடியில். மைக்கை ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, ஒவ்வொரு முறையும் உட்காரும் இடத்தை மாற்றுங்கள். மனிதக் கை செய்யும் அந்தச் சின்னச் சின்ன முன்பின்தான் தடிமன்.

இரண்டு, டிராக்குக்கு ஒரு ரிவெர்ப் வைத்திருப்பீர்கள். பத்து ரிவெர்ப் என்றால் பத்து அறை. எல்லா வாத்தியத்தையும் ஒரு மோனோ பஸ்ஸில் (எல்லாம் வந்து சேரும் ஒற்றைத் தடத்தில்) சேர்த்து, அதிலிருந்து ஒரே ஒரு 'சேம்பர்' வகை ரிவெர்ப்புக்கு அனுப்புங்கள். அனுப்பும் வழியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், கூழுக்குக் காரணம் அங்கே தேங்கும் பேஸ்தான். 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுங்கள். பிரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 முதல் 30 மில்லிசெகண்ட். எதிரொலி தேயும் நேரம் ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) மேல் போகக்கூடாது. நிமிடத்துக்கு 130 அடி வேகம் என்றால் நான்கு அடிக்கு 1.85 நொடி, அதுவே எல்லை.

மூன்று, சிம்பல், அதாவது டிரம்ஸில் உள்ள உலோகத் தாளத்தட்டுகள். கிராஷும் ரைடும் எதிரொலிக்குள் போனால் இடைவிடாத 'உஸ்' என்று பரவி மேல்பகுதி முழுவதையும் அடைத்துவிடும். டிரம்ஸை பேஸ் டிரம், ஸ்நேர், டாம்களோடு நிறுத்துங்கள். 'பி மை பேபி' தொடக்கத்தை விரல் விட்டு எண்ணுங்கள். பேஸ் டிரம் ஒன்றில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், பிறகு மூன்றில். நான்கில் மட்டும் ஸ்நேர். இரண்டாம் அடியில் ஒன்றும் இல்லை. எதிரொலி தெரிவது அந்தக் காலி இடத்தில்தான். எல்லா அடியையும் நிரப்பிவிட்டால் அது விழ இடமேது?

கடைசிச் சோதனை: மோனோவில், கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். அக்காலப் பாட்டுகள் போய்ச் சேர்ந்தது ஏ.எம். ரேடியோவுக்கும் காருக்கும். அங்கே நிற்காதது இங்கும் நிற்காது.

என்னிடம் உள்ள தொகுப்பில் சில பாட்டுகள் மோனோவா, ஸ்டீரியோவா என்றே தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?
— மதுரை வாசகர்

உண்டு. இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து, ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோ டிராக்காகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்து 'இன்வெர்ட்' செய்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். முழு அமைதி என்றால் அசல் மோனோ. பாட்டு மறைந்து கீறல் சத்தம் மட்டும் மிஞ்சினால், மாஸ்டர் டேப் கிடைக்காமல் தட்டிலிருந்தே ஸ்டீரியோ ஊசியால் எடுத்திருக்கிறார்கள். சொற்பமாக விற்ற தட்டுகளுக்கு இது சகஜம், கோபித்துக்கொள்ளாதீர்கள். குரல் போய் வயலின்கள் மட்டும் சலசலத்தால் நிஜ ஸ்டீரியோ. ஒரு காதில் பேஸ், மறு காதில் கீச்சு என்றிருந்தால் பின்னாளில் செய்த போலி ஸ்டீரியோ, அதைத் தவிருங்கள். எம்.பி.3 கோப்பில் செய்தால் மோனோவிலும் கொஞ்சம் கரகரப்பு மிஞ்சலாம்.

கொலைக் குற்றவாளியின் இசையை ஏன் கொண்டாடுகிறீர்கள்?
— புதுச்சேரி வாசகி

நியாயமான கேள்வி. 2003இல் லானா கிளார்க்சன் என்ற நடிகை சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ஸ்பெக்டர் குற்றவாளி என 2009இல் தீர்ப்பானது. 19 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. தண்டனைக் காலத்திலேயே 2021 ஜனவரியில் இறந்தார். அந்த ஒலியை உருவாக்கிய நிட்சே, லெவின், பிளேன், டார்லின் லவ் ஆகியோரின் பெயரையும் ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன் என்பவரோடு எங்களுக்குச் சண்டையில்லை.

'லவிங் ஃபீலிங்' அசல் 45 தட்டில் நேரம் 3:05 என்று அச்சாகியிருக்கிறது. என் பிளேயரில் 3:45 ஓடுகிறது. பெல்ட் தளர்ந்துவிட்டதா?
— ஈரோடு வாசகர்

பிளேயர்மேல் தவறில்லை. மூன்று நிமிடத்தை வெகுவாகத் தாண்டினால் ரேடியோக்காரர்கள் போடமாட்டார்கள் என்று ஸ்பெக்டரே அப்படிப் பொய்யாக அச்சிடவைத்தார். பாட்டின் நீளமே 3:45தான். 40 நொடி கூடும் அளவுக்கு மோட்டார் மெதுவாக ஓடினால் வேகம் 18 சதவீதம் குறைந்து, சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் மேல் இறங்கியிருக்கும். மெட்லியின் தொடக்கக் குரல் இயல்பிலேயே அடிபாதாளம் என்பதால் காதை நம்பவேண்டாம். தட்டின் விளிம்பில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, ஊசி தட்டில் இருக்கும்போதே ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 45 வந்தால் பெல்ட்டைத் தொடவேண்டாம்.