சிலிண்டர்ல எவ்ளோ கேஸ் மிச்சம் இருக்குன்னு வீட்லயே எப்படி பாக்குறது?

ஈரத்துணி போதும்ங்க. ரெகுலேட்டர் பக்கத்துல மாட்டுற முள்ளு மீட்டர்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே, அத மட்டும் வாங்கிராதீங்க, நான் வாங்கி ஏமாந்தவன், அந்தக் கதைய அப்புறம் சொல்றேன்.

துணிய நல்லா நனைச்சு சிலிண்டர மேல இருந்து அடி வரைக்கும் தொடச்சு விட்டுட்டு ரெண்டு மூணு நிமிஷம் சும்மா பாத்துட்டே நில்லுங்க. மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சுரும், ஒரு இடத்துக்குக் கீழ மட்டும் ஈரம் அப்படியே நிக்கும், நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும் பாருங்க, அதுக்குக் கீழதான் கேஸ். அடுப்பு கொஞ்ச நேரம் எரிஞ்ச பிறகு பாத்தா இன்னும் பளிச்சுனு தெரியும். புது சிலிண்டர்லயே கோடு கழுத்து வரைக்கும் வராது, ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போயிராதீங்க, வெயில் சூட்டுல விரியறதுக்கு மேல இடம் விட்டுத்தான் ரொப்புவாங்க.

ஏன் இப்படின்னா, உள்ள இருக்குறது வெறும் காத்து இல்ல, புரொப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்துல தண்ணி மாதிரி ஆகி நிக்குது. நாம அடுப்பப் பத்த வச்சா அது உள்ளயே கொதிச்சு ஆவியாகி மேல வழியா வரும், கொதிக்கறதுக்கு வேண்டிய சூட்ட தன்கிட்ட இருந்தே எடுத்துக்கும், அதனால அடிப்பக்கம் ஜில்லுனு ஆகி ஈரம் காய மாட்டேங்குது.

மீட்டர் ஏமாத்துறதும் இதே காரணத்தாலதான். கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் உள்ள அழுத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வெயில் குளிருக்குத்தான் அது ஏறி இறங்கும். என் மீட்டர்ல முள்ளு ஒன்றரை மாசமா பச்சையிலயே நின்னுச்சு, நானும் பச்சைதானேன்னு புக் பண்ணாம இருந்தேன், ஒருநாள் ராத்திரி ஒம்பதர மணிக்கு மூணாவது தோசைல முள்ளும் விழுந்துச்சு அடுப்பும் அணைஞ்சுச்சு. இன்னொரு சிலிண்டர தங்கச்சி வீட்டுக்கு முந்தின வாரம்தான் குடுத்துருந்தோம்.

ஊர்ல இருந்து வந்த சித்தப்பா சும்மா இருக்காம "படுக்க வச்சா இன்னும் ரெண்டு நாள் ஓடும்டா"ன்னு சிலிண்டரச் சாச்சுட்டாரு. தயவு செஞ்சு இதப் பண்ணாதீங்க. சாச்சா ஆவிக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டர் வழியா வந்துரும், அது வெளிய வந்து ஆவியானா கிட்டத்தட்ட 250 மடங்கு விரியும், டியூபும் பர்னரும் அதுக்குத் தாங்குமா? குப்புனு ஒரு ஆள் மார் உயரத்துக்கு எரிஞ்சு சித்தப்பாவுக்கு ஒரு பக்க புருவம் காலி, நல்லவேளை அதோட போச்சு. சுடுதண்ணி ஊத்துறது, உருட்டுறது எல்லாமே இதே ரகம்தான்.

துல்லியமா வேணும்னா எடை போடுங்க. சிலிண்டர் கைப்பிடிப் பட்டைல காலி எடை அடிச்சிருக்கும், எங்க வீட்ல இப்ப இருக்குறதுல 15.7 கிலோன்னு போட்டிருக்கு, பாத்ரூம் எடை மெஷின்ல நிக்க வச்சா 22.5 காட்டுது, அப்ப மிச்சம் 6.8. முழு சிலிண்டர் 14.2 கிலோ எங்களுக்கு 45 நாள் வரும், அதாவது ஒரு நாளைக்கு 300 கிராம் சொச்சம், இன்னும் மூணு வாரம் ஓடும்னு கணக்குப் போட்டுக்கலாம்.

இந்தக் கணக்கு புதுசு வாங்கும்போதும் உதவும். டெலிவரி பண்றவங்க தராசு வச்சிருக்கணும், நிறுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்க, தப்பே இல்ல. பட்டைலயே ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும், அது அந்த சிலிண்டர மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டிய தேதி ('ஏ'ன்னு இருந்தா ஜனவரி டு மார்ச், 'டி'ன்னு இருந்தா அக்டோபர் டு டிசம்பர்), தாண்டியிருந்தா அப்பவே வேற கேட்டு வாங்கிருங்க.

அம்மா மட்டும் இன்னும் விரல மடக்கி தட்டிப் பாத்துட்டு "டொங்குங்குதுடா, நாளைக்குத் தீந்துரும்"னு சொல்லிட்டே இருக்கு, அது சொல்லி இன்னையோட பதினோரு நாள் ஆச்சு.