மரச்சட்ட வீட்டுக்குச் சிமென்ட் பூசலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், சஃபோக் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் மாடி வீட்டோடு சேர்ந்த கடையை வாங்கியிருக்கிறோம். மரச்சட்டங்களால் கட்டிய மிகப் பழைய வீடு. தெருப்பக்கச் சுவரின் அடியில் ஈரம் ஏறி பெயின்ட் உரிகிறது. வெளியே சிமென்ட் பூசினால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். மாடித் தரையும் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சிமென்ட் மட்டும் வேண்டாம். இந்த வகை வீட்டில் பாரத்தைத் தாங்குவது சுவரல்ல, ஓக் என்ற கடினமரத்தின் சட்டங்கள். ஈரம் காயாத ஓக்கை இழைத்து, ஒரு சட்டத்தின் துளையில் மற்றதன் முனையில் செதுக்கிய நாக்கைச் செருகி, மர ஆணியால் இறுக்கியிருப்பார்கள். சட்டங்களுக்கு நடுவே வரிச்சு கட்டி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசுவது வழக்கம். மழையில் நனைந்தாலும் அந்தப் பூச்சின் வழியே ஈரம் வெளியேறிவிடும். சிமென்ட் விறைப்பானது. மரம் அசையும்போது அதில் மயிரிழை வெடிப்பு விழும். உள்ளே போன தண்ணீர் காய வழியின்றி அடிச்சட்டத்தில் தேங்கும். குத்துக்கால்கள் எல்லாம் நிற்பது அந்தச் சட்டத்தின்மேல்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு வரும்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். பல தலைமுறையாகத் தெரு உயர்ந்து, நடைபாதை அடிச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். கூரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகலாம். சுவரில் ஏற்கெனவே சிமென்டோ பிளாஸ்டிக் பெயின்டோ இருக்கலாம். கடைக்குள் ஃபிரிட்ஜையும் அலமாரியையும் சுவரோடு ஒட்டிவைக்காமல், காற்றுப் போக இடம் விடுங்கள்.

தரைச் சரிவு பெரும்பாலும் பழையது. பச்சை ஓக் காயும்போது முறுக்கிக்கொள்ளும். உங்கள் சஃபோக்கிலேயே லாவன்ஹம் ஊரில் நூற்றாண்டுகளாகச் சாய்ந்தே நிற்கும் வீடுகள் உண்டு. தரையைச் சமப்படுத்த முயலாதீர்கள். ஆனால் உங்களுடையது கடை என்பதால் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைப்பதற்காகக் கீழ்த்தளக் குத்துக்கால்களை வெட்டி எடுத்த கடைகள் ஏராளம். ஜன்னலுக்கு மேலுள்ள விட்டம் தொய்ந்திருந்தாலோ, இணைப்பிலிருந்து நாக்கு புதிதாக வெளியே இழுபட்டிருந்தாலோ, பழைய மரக்கட்டடம் அறிந்த பொறியாளரை உடனே கூப்பிடுங்கள்.

வேலை தொடங்குமுன், ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற பொது அமைப்பு இணையத்தில் வைத்திருக்கும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் வீடும் அதில் இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் செய்ததைச் சரிசெய்யச் சொல்லி உங்களுக்கும் நோட்டீஸ் வரலாம். பழைய சிமென்டை உரிப்பதற்கும் முதலில் கவுன்சிலின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியைக் கேளுங்கள். 1877இல் வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் முதலானோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் ஆலோசனை தருகிறது.

சுண்ணாம்பு வேலை செய்து பழகிய கொத்தனாரையே தேடுங்கள். சாந்து இறுகுமுன் உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும் என்பதால் வசந்தத்துக்கும் இலையுதிர் காலத் தொடக்கத்துக்கும் இடையில் பூச்சு வேலையை முடித்துவிட வேண்டும்.