நட்டவை 160 துண்டங்கள், சோதித்தவை 4 தட்டுகள்

கேள்வி: நிலாவெளியில் சிறிய நாற்றுமேடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் தேசிக்காய்த் தண்டுத் துண்டங்களை ஐபிஏ வேர் ஓமோனில் தோய்த்து, ஓமோன் அளவுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு 40 துண்டங்கள் என நட்டேன். ஓமோன் இல்லாத தட்டில் 6 வேர்விட்டன. 1,000 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) 14, 2,000இல் 23, 4,000இல் 15. எக்செலில் போட்ட நேர்கோடு மேலே ஏறுகிறது. அடுத்த முறை 5,000 வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கோட்டை நம்பினால் 14,000 பிபிஎம்மில் நூற்றுக்கு நூறையும் தாண்டி வேர்விட வேண்டும்! ஓமோன் உரம் அல்ல. ஓர் அளவு வரை வேரைத் தூண்டும். அதற்கு மேல் துண்டின் அடியைக் கறுக்க வைக்கும். உங்கள் 15 அதைத்தான் சொல்வது போலிருக்கிறது. கோடுதான் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

ஒரு துண்டு வேர்விடும், அல்லது விடாது. இப்படி இரண்டே விடை உள்ள இடத்துக்கு ஏற்றது லொஜிஸ்டிக் பிற்செலவு (logistic regression) என்ற புள்ளிவிவர முறை. அது சதவீதத்தை நேரடியாகத் தொடாமல், வேர்விட்டவைக்கும் விடாதவைக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை எடுத்துக்கொள்ளும். ஓமோன் இல்லாதபோது 6க்கு 34. 2,000இல் 23க்கு 17. ஓமோன் அளவோடு அதன் வர்க்கத்தையும் சேருங்கள், வளைவு ஏறி இறங்கும். உங்கள் எண்களை வைத்துக் கணக்கிட்டால் உச்சி 2,500 பக்கம் வருகிறது. ஆனால் 2,000க்கும் 4,000க்கும் நடுவில் நீங்கள் எதையும் நடவில்லை. அந்த உச்சி வெறும் ஊகம்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் தட்டுகளில் இருக்கிறது. ஜூனில் கச்சான் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காற்றுப் பக்கம் இருந்த தட்டின் தும்புத்தூள் மத்தியானத்துக்குள் காய்ந்திருக்கும். அந்தத் தட்டு 4,000 பிபிஎம் தட்டாக இருந்திருந்தால், துண்டங்களை வாட்டியது ஓமோனா, கச்சானா? எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. 40 துண்டங்களும் தனித்தனி என்று வைத்துக்கொண்டாலே அந்த 23இன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வேர்விடும் வீதம் இருக்கக்கூடிய எல்லை, ஏறக்குறைய 42 முதல் 72 சதவீதம் வரை போகிறது. ஒரே தட்டில் ஒன்றாய் நனைந்து ஒன்றாய்க் காய்ந்தவை தனித்தனி அல்லவே. உண்மையான நிச்சயமின்மை இன்னும் அகலம்.

அடுத்த முறை 0, 1,000, 2,000, 3,000, 4,000 என ஐந்து அளவுகள் போதும். மேடையை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து அளவுக்கும் தலா ஒரு சிறு தட்டு வையுங்கள். தட்டுக்குப் பத்துத் துண்டங்கள், மொத்தம் 200. எந்தத் தட்டு எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். கண்ணால் பார்த்து வைத்தால் கை தானாகவே நல்ல தட்டை நிழலுக்குத் தள்ளும். துண்டங்களைப் பல தாய் மரங்களிலிருந்து எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருளில் பகுதியையும் தட்டையும் எழுமாற்று விளைவுகளாக, அதாவது இடத்துக்கு இடம், தட்டுக்குத் தட்டு தற்செயலாக வரும் வேறுபாடுகளாக, சேர்க்கலாம்.

கரைசலிலும் ஒரு கவனம் வேண்டும். 1,000 பிபிஎம் என்பது லீற்றருக்கு ஒரு கிராம். 50 சதவீத அற்ககோலில் 4,000ஐ முதலில் தயாரித்து, அதே அற்ககோலால் ஐதாக்கி மற்றவற்றை எடுங்கள். பூச்சியத் தட்டின் துண்டங்களையும், ஓமோன் சேர்க்காத அதே அற்ககோலில், மற்றவற்றைப் போலவே ஐந்து விநாடி தோய்க்க வேண்டும். வெறுமனே நட்டால், நீங்கள் ஒப்பிடுவது ஓமோனை மட்டும் அல்ல, அற்ககோலையும் சேர்த்துத்தான்.