‘கரால்’ தமிழ்ச் சொல்லா? நம்மூர்ப் பட்டியும் அதுவும் ஒன்றா?

தமிழ் இல்லை. 2019-ல் சின்னத்தம்பி யானையைப் பிடித்து ஆனைமலையில் உள்ள வரகளியாறு யானை முகாமில் அடைத்தபோது செய்திகளில் அடிபட்ட சொல் இது. ‘கரோல்’ என்றும் எழுதினார்கள். பருத்த மரங்களை அடுக்கிச் செய்த கூண்டுதான்.

சொல் புறப்பட்டது போர்ச்சுகீசிய மொழியில். அங்கே ‘குர்ரால்’ என்றால் மாடு அடைக்கிற இடம். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் வாயில் அது ‘க்ரால்’ ஆனது, அப்புறம் ஆங்கிலத்துக்குப் போனது. கௌபாய் படங்களில் குதிரை அடைக்கும் ‘கோரல்’ இதற்கு ஸ்பானிய உடன்பிறப்பு. இலங்கையில் காட்டு யானைகளை விரட்டி மடக்கிய பெரிய அடைப்புக்கும் ஆங்கிலேயர் இதே பெயரைத்தான் வைத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் க்ரால் என்பது ஊரையும் குறித்தது. ஜூலு மக்களின் குடியிருப்பில் நடுவே மாட்டு அடைப்பு, சுற்றிலும் வட்டக் குடிசைகள். வந்தவர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஜூலுவிலோ அடைப்பு ‘இசிபாயா’, குடியிருப்பு ‘உமுசி’.

பட்டிக்கும் க்ராலுக்கும் சொல்லளவில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நம் பட்டியும் அடைப்பு, ஊர் என இரண்டையும் குறிக்கும். கொண்டலாம்பட்டி, நரசோதிப்பட்டி, மல்லமூப்பம்பட்டி என்று சேலத்தைச் சுற்றி எத்தனை! அதற்காக ஒவ்வொரு பட்டியிலும் ஒரு காலத்தில் ஆடு அடைத்தார்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். சிற்றூர் என்ற பொருளே நிலைத்துவிட்ட பிறகு பெயர் பெற்ற ஊர்களும் இருக்கும்.

மேச்சேரி ஆடு வளர்க்கிற எங்கள் பக்கத்தில் வெறுமனே பட்டி என்றால் ஆட்டுப்பட்டிதான். நான்கு பக்கமும் படல் நிறுத்தி, புழுக்கையும் மூத்திரமும் நிலத்தில் சேர்ந்ததும் பட்டியை இடம் மாற்றுவார்கள். குட்டிகள் மேல் கவிழ்த்து மூட கொடாப்பு என்ற பெரிய கூடை. மாட்டுக்குக் கட்டுத்தரை. ‘மாட்டைப் பட்டியில் அடைத்துவிட்டார்கள்’ என்றால், அது அடுத்தவர் வெள்ளாமையில் வாய் வைத்து மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். 1871-ம் வருட கால்நடை அத்துமீறல் சட்டப்படி அபராதமும் தீனிச் செலவும் கட்டித்தான் மீட்க வேண்டும். அந்தப் பட்டிக்குப் பவுண்டு என்றும் பெயர். லண்டன் காசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை: காசு லத்தீன் எடைச் சொல்லிலிருந்து வந்தது, இது அடைப்பைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்.