நாளுக்கு இத்தனை கிலோ என்று எப்படி அளவு வைப்பது? ஒரு தேயிலைத் தோட்ட அனுபவம்

கேள்வி: எம்.பி.ஏ. படிக்கிறேன். பணி வடிவமைப்பு, பணி அளவீடு என்று இரண்டு பாடங்கள். ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து ஒருவருக்கு இவ்வளவு வேலை என்று தீர்மானிப்பது நடைமுறையில் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் நான் செய்த தவறையே நீங்களும் செய்வீர்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்த முதல் வருடம். கொழுந்து பறிப்பவர்களுக்கு நாளுக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு இருந்தது. அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. அந்த அளவைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. மே மாதம், மழை பெய்து கொழுந்து பொங்கி நின்ற சமயம். ரோட்டோரம் சமமான இடத்தில், மேஸ்திரி காட்டிய, கை வேகமான மூன்று பேரை வாட்ச் வைத்து அளந்தேன்.

மூன்றாம் நாள் அவர்களில் மூத்த அக்கா கேட்டார்: "தம்பி, கையைத்தான அளக்குறீங்க? காலை யாரு அளப்பா?"

எடை போடும் இடம் மேட்டில் இருந்தது. சாக்கு நிறைய இலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, நனைந்து வழுக்கும் மண் படியில் ஏற வேண்டும். மேலே வரிசையில் நிற்க வேண்டும். பிறகு இறங்கிவந்து விட்ட இடத்தில் தொடர வேண்டும். என் தாளில் இதில் ஒன்றுகூட இல்லை.

இது எவ்வளவு பெரிய பிழை என்பதைக் கற்பனை எண்களால் காட்டுகிறேன். ஒரு கிலோ பறிக்க 12 நிமிடம் ஆனது என்று வையுங்கள். நேரே வகுத்தால் 8 மணி நேரத்தில், அதாவது 480 நிமிடத்தில், 40 கிலோ. ஆனால் அளக்கப்பட்டவர் சராசரியைவிட வேகமானவர். சராசரி வேகத்தை 100 என்று வைத்து அவர் வேகத்துக்கு 120 சதவீத ரேட்டிங் போட்டால், சராசரி ஆளுக்கு ஆகும் இயல்பு நேரம் 14.4 நிமிடம். களைப்பு, தண்ணீர் குடிப்பது, ஒதுங்கப் போவது எல்லாவற்றுக்கும் 15 சதவீத அலவன்ஸ் சேர்த்தால் 16.56 நிமிடம். இதைத்தான் நிர்ணய நேரம் என்கிறார்கள். இப்போது 29 கிலோதான் வருகிறது. எடைக்கு ஏறி இறங்குவதிலும் வரிசையிலும் ஒரு மணி நேரம் போனால் 25. அதே கை, அதே செடி. வாட்ச் காட்டியதை அப்படியே எழுதியிருந்தால் 40 என்று போட்டு, எட்டமுடியாதவர்களைச் சோம்பேறி என்றிருப்போம். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

வேலையை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்த அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் பெயர் உங்கள் பாடத்தில் முதலில் வரும். எனக்கு அதிகம் உதவியவர்கள் வேலையின் அசைவுகளை ஆராய்ந்த கில்பிரெத் தம்பதி. ஃபிராங்க் கில்பிரெத் கொத்தனார் செங்கல் வைப்பதைக் கவனித்து, ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் இருந்ததை ஐந்துக்குள் கொண்டுவந்தார். கொத்தனாரை அவர் விரட்டவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர வேண்டாதபடி, கல்லும் கலவையும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கச் சாரத்தை மாற்றினார். அளப்பதற்கு முன் வேலையின் அமைப்பைச் சரிசெய்தார். நாங்களும் தராசைச் சரிவின் அடிக்கே இறக்கினோம். அங்கே மண்சாலை இருந்ததால் டிராக்டர் வந்து இலையை ஏற்றிக்கொண்டது. இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. அதற்கு முன் யாரும் கேட்காததுதான் குறை.

அடுத்த சிக்கல் கிலோவை மட்டும் அளப்பது. எடைக்குத்தான் காசு என்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற கணக்கை யார் பார்ப்பார்? முற்றல் இலையும் சாக்குக்குள் போகும். பேக்டரியில் தூளின் தரம் விழும், பழி பறித்தவர் மேல். ஒரு வேலை செய்பவருக்கு ஊக்கம் தர அதில் இருக்க வேண்டியவை என்று ஹேக்மன், ஓல்டம் என்ற ஆய்வாளர்கள் 1970-களில் சொன்ன ஐந்து பண்புகளில் எங்களுக்குக் கைகொடுத்தவை இரண்டு: வேலையைத் தன்னுடையதாக முழுமையாகக் காண்பது, செய்ததன் பலன் உடனே தெரிவது. ஒரே குழுவுக்கு ஒரே பகுதியை ஒவ்வொரு சுற்றிலும் கொடுத்தோம். இந்த முறை செடியை ஒட்டப் பறித்தால் அடுத்த முறை தனக்கே கொழுந்து இருக்காது என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது. நல்ல இலை எத்தனை சதவீதம் என்பதையும் அன்று மாலையே பேக்டரியிலிருந்து கேட்டுச் சொன்னோம். அதற்கு முன் அவர்கள் காதுக்கு வந்தது பிடித்தம் மட்டும்தான்.

புராஜெக்ட் செய்வதானால் தொடர்ந்து வாட்ச் பிடிப்பதைவிட மாதிரி நோக்கு முறை நல்லது. 1930-களில் பிரிட்டனின் பஞ்சாலைகளில் டிப்பெட் என்ற புள்ளியியலாளர் கொண்டுவந்தது. நாளின் வெவ்வேறு நேரத்தில், முன்கூட்டிச் சீட்டு எடுத்து முடிவு செய்த நிமிடத்தில் போய்ப் பாருங்கள்: பறிக்கிறாரா, நடக்கிறாரா, காத்திருக்கிறாரா? காத்திருப்பு 30 சதவீதம் இருக்கலாம் என்று தோன்றி, 5 சதவீதப் புள்ளிப் பிழைக்குள் 95 சதவீத நம்பிக்கையோடு விடை வேண்டுமானால் சுமார் 323 முறை பார்க்க வேண்டும். ஒரே வாரத்தில் முடிக்காதீர்கள். ஜூலை மழையில் ஒரு தடவை, ஜனவரி உறைபனியில் கொழுந்து அருகியிருக்கும்போது ஒரு தடவை போங்கள்.

எதற்காகப் பார்க்கிறீர்கள் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மறைந்து நின்று எடுத்த எண்ணை யாரும் நம்பமாட்டார்கள். பிறகு ரேட்டிங் போட உட்காரும் முன், நிறைந்த சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் நீங்களே ஒருமுறை ஏறிவிட்டு வாருங்கள்.