ஆட்டோ எஞ்சின் சூடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது பஜாஜ் 4 ஸ்ட்ரோக். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போனால், நானுஓயா தாண்டும்போது இழுவை விழுந்துவிடுகிறது. எஞ்சினில் கை வைக்க முடியவில்லை. சிலிண்டரை மூடியிருக்கும் தகரத்தைக் கழற்றிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் பூட்டச் சொல்கிறார்கள் ஸ்டாண்டில். செய்யலாமா?
– ஹட்டன் வாசகர்

பதில்: தகரத்தைக் கழற்றிவிட்டு ஓட்டவே வேண்டாம். இந்த எஞ்சினைக் குளிர்விப்பதே அந்தத் தகரம்தான். எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் மெக்னட்டோவோடு சேர்ந்து சுற்றும் ஃபேன் காற்றை இழுத்துத் தள்ளுகிறது. அந்தக் காற்று வேறு பக்கம் போகாமல் ஹெட், சிலிண்டர் ஃபின்களுக்கு (சூட்டை வெளியே விடும் மெல்லிய தகடுகள்) நடுவே புகுந்து வெளியேற வழிகாட்டுவது தகரம். மோட்டார் சைக்கிளில் எஞ்சின் எதிர்க்காற்றில் நிற்கிறது. ஆட்டோவில் அது பின்னால், பெட்டிக்குள் இருக்கிறது. தகரத்தைக் கழற்றினால் ஃபேன் காற்று வெளியில் சிதறிவிடும். வெறும் கண்ணுக்கு எஞ்சின் திறந்து காற்றோட்டமாகத் தெரிந்தாலும், சிலிண்டரின் பின்பக்கத்துக்குக் காற்றே போகாது.

கம்ப்யூட்டர் ஃபேன் 12 வோல்ட்டில் 0.2 முதல் 0.3 அம்பியர் வரைதான் இழுக்கும். அதாவது 3 வாட் அளவு. திறந்த வெளியில் காற்று வரும், நெருக்கமான ஃபின்களுக்குள் தள்ளும் அழுத்தம் அதற்கு இல்லை. கார் ரேடியேட்டர் ஃபேன் பூட்டுபவர்களும் உண்டு. அது 80 வாட்டுக்கு மேல் கேட்கும். நானுஓயா மூடுபனியில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது பேட்டரி இறங்கிவிடும்.

இனி உங்கள் வண்டியில் பார்க்க வேண்டியவை. கை வைக்க முடியாத சூடு மட்டும் கோளாறு அல்ல, நல்ல எஞ்சினிலும் சிலிண்டர் 100 பாகையைத் தாண்டும். இழுவை விழுவதுதான் கோளாறு. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு தகரத்தைக் கழற்றி ஃபின் இடுக்குகளைப் பாருங்கள். டெப்பெட் கவர் (வால்வுகளுக்கு மேலுள்ள மூடி) கேஸ்கட்டில் கசியும் ஒயிலும் தோட்டத்து ரோட்டுத் தூசியும் சேர்ந்து களியாகி இறுகியிருக்கும். பெரும்பாலான சூட்டுப் புகார்களுக்கு இதுதான் காரணம். மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, மூங்கில் சீவலால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அலுமினிய ஃபின் முனை உடையும். பிறகு பிரஷ் போட்டுக் கழுவி காற்றடித்துக் காய வைத்து, கசியும் கேஸ்கட்டையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் களி திரும்பவும் சேரும்.

ஃபேன் இறக்கை ஒன்று உடைந்திருந்தாலும் ஃபேனை மாற்றுங்கள். காற்று உள்ளே போகும் வலையில் காய்ந்த இலையோ ஷொப்பிங் பையோ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தகரத்தைத் திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூவும் விடுபடக் கூடாது. ஓட்டை, வெடிப்பு இருந்தால் மெல்லிய தகரத் துண்டு வைத்து ரிவெட் அடியுங்கள். பூட்டிய பின் எஞ்சினை ஓடவிட்டு, காற்று வெளியேறும் வாயில் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது நன்றாகத் தள்ளப்பட வேண்டும்.

வெளியேறும் சூடான காற்று போக இடமும் வேண்டும். கரட், லீக்ஸ் மூட்டைகளைப் பின்கதவில் கட்டித் தொங்கவிட்டால் கதவின் காற்றுத் துளைகள் அடைபடும். அதே சூட்டுக் காற்றை ஃபேன் மறுபடி இழுக்கும். வீட்டில் செய்யக்கூடிய மாற்றங்களில் நாங்கள் துணிந்து சொல்வது ஒன்றுதான்: பின்கதவின் மேல்பகுதியில் தகரத்தைக் கீறி, இதழ் கீழ்நோக்கி மடியும்படி கூடுதல் காற்றுத் துளைகள் போடலாம். கீழ்நோக்கி மடித்தால்தான் மழைத்தண்ணீர் உள்ளே வராது. வெட்டிய விளிம்பில் உடனே பெயின்ட் அடியுங்கள்.

அடுத்தது கியர். ஃபேன் எஞ்சினோடு சுற்றுவதால், எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறையும். ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே திணறவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் சூடு உச்சம், காற்று குறைவு. திணறத் தொடங்கியதும் இரண்டுக்கு இறக்குங்கள். சத்தம் கூடும், சூடு குறையும். பெற்றோல் மிச்சமாகும் என்று பெரிய கியரிலேயே இழுப்பவர்களின் எஞ்சின்தான் முதலில் ஹெட் திறக்க வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் சூடானால் பின்சக்கரங்களை ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்திருந்தால் எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்கிறது. டெப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பகுதிக்கும் நடுவே உள்ளது) இரவு முழுதும் ஆறிய எஞ்சினில் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்து, உங்கள் மாடலின் கைநூலில் உள்ள அளவுக்கு வையுங்கள். சத்தம் வரக் கூடாது என்று இறுக்கி வைத்தால் வால்வு முழுதாக மூடாது. எக்சோஸ்ட் வால்வு எரிந்து இழுவை போய்விடும்.

கேள்வி: மோட்டார் சைக்கிளின் பழைய ஒயில் கூலர் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆட்டோவில் பூட்டலாமா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: முடியும், ஆனால் அதைக் கடைசி வேலையாக வையுங்கள். ஃபின் அடைத்த எஞ்சினுக்குக் கூலர் பூட்டினால் கோளாறு மறையுமே தவிரத் தீராது. பூட்டுவதென்றால் லேத்தில் சரியான அடாப்டர் செய்து, ஒயிலுக்கென்றே உள்ள பிரஷர் ஹோஸ் போட வேண்டும். பெற்றோல் டியூப் போட்டால் சூட்டில் இளகிக் கழன்றுவிடும், ஒயில் சைலன்சரில் கொட்டினால் தீப்பிடிக்கும். ஹோஸ் சைலன்சரில் உரசாமல் தள்ளியே போகட்டும். கூலரும் ஹோஸும் நிரம்ப ஒயில் இன்னும் கொஞ்சம் தேவைப்படும். பூட்டிய பின் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஒயில் அளவைத் திரும்பப் பார்த்து ஊற்றுங்கள்.

ஒயில் கெட்டியாக இருந்தால் சூடு குறையும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். கைநூல் சொல்லும் கிரேடே போதும். கார் ஒயில் ஊற்றாதீர்கள். இந்த வண்டியில் கிளட்ச் அதே ஒயிலில்தான் நனைந்து ஓடுகிறது. சில கார் ஒயில்களில் உள்ள வழுக்கும் மருந்தால் கிளட்ச் வழுக்கும், அந்த வழுக்கலே ஒயிலைக் கொதிக்க வைக்கும். டப்பாவில், நனைந்து ஓடும் கிளட்சுக்கு ஏற்ற ஒயில் என்பதைக் காட்டும் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பெற்றோல் மிச்சத்துக்காகக் கார்பரேட்டரில் சின்ன ஜெட் (பெற்றோல் வரும் துளை) போட்டேன். நுவரெலியாவில் நன்றாக ஓடுகிறது. கொழும்புக்கு இறங்கினால் கொதிக்கிறது. ஏன்?
– நுவரெலியா வாசகர்

பதில்: நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் சின்ன ஜெட் தரும் குறைந்த பெற்றோல் அங்கே போதுமாக இருக்கிறது. கொழும்பில் காற்று அடர்த்தியாகிறது, பெற்றோல் கூடுவதில்லை. கலவை மெலிந்து எரிகிறது. மெலிந்த கலவைதான் பிஸ்டனைச் சுடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெள்ளையாக, பொரிந்தாற்போல் இருந்தால் இதுதான் காரணம். தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு நிறமே சரியானது.

மேலேயும் கீழேயும் ஓடும் வண்டிக்குக் கம்பனி போட்ட ஜெட்டே நல்லது. மலையில் பிளக் கொஞ்சம் கறுக்கும், அதனால் எஞ்சின் கெடாது. கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட் கசிந்தாலும் இதே வெள்ளை நுனி வரும். ஜெட்டை மாற்றும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய 2 ஸ்ட்ரோக். எல்லயிலிருந்து வெல்லவாய இறங்கும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் எப்படி எஞ்சின் சூடாகும்?
– எல்ல வாசகர்

பதில்: இது சூட்டைவிட ஒயில் பஞ்சம். பெற்றோலில் ஒயில் கலந்து ஓடும் 2 ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஒயில் பெற்றோலோடுதான் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மூடிக் கியரில் விட்டால் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பெற்றோலும் மிகக் கொஞ்சமே வரும், ஒயிலும் மிகக் கொஞ்சமே வரும். பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒருமுறை ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் திறந்து மூடுங்கள். நியூட்ரலில் விடுவது மட்டும் கூடவே கூடாது. அந்த இறக்கத்தில் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும்.

கைநூல் வேறு சொல்லாவிட்டால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மி.லீ. ஒயில் அளந்து ஊற்றுங்கள். கண்மதிப்பில் அதிகம் ஊற்றினால் அந்த அளவுக்குப் பெற்றோல் குறைந்து கலவை மெலியும், சைலன்சரிலும் எக்சோஸ்ட் போர்ட்டிலும் கரி அடைக்கும். அடைத்த கரி மறுபடி சூட்டைக் கூட்டும்.

கேள்வி: சூடானதும் எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றலாமா?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: கூடாது. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று ஆறினால் ஃபின் வெடிக்கும், ஹெட் வளையும், கேஸ்கட் கசியும். ஓரமாக நிறுத்தி, ஒரு நிமிடம் லோடு இல்லாமல் ஓடவிடுங்கள், ஃபேன் காற்றடிக்கும். பிறகு ஓஃப் செய்து பின்கதவைத் திறந்து வைத்து இருபது நிமிடம் காத்திருங்கள்.

கேள்வி: பின்சீட்டில் இருப்பவர்களுக்கு முதுகில் சூடு அடிக்கிறது. ஸ்பொஞ் ஒட்டலாமா?
– பதுளை வாசகர்

பதில்: எஞ்சின் பக்கம் ஸ்பொஞ், ரெக்சின், ரெஜிஃபோம் எதையும் ஒட்டாதீர்கள், தீப்பிடிக்கும். 1 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை, தடுப்புத் தகரத்திலிருந்து 10 முதல் 15 மி.மீ. தள்ளி இரும்பு வாஷர்கள் அடுக்கி எஞ்சின் பக்கமாகப் பூட்டுங்கள். மேலும் கீழும் திறந்தே இருக்கட்டும், அந்த இடுக்கில் ஏறும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. தகடு ஃபேன் வாயை மறைக்காதபடி வெட்டி, ஓரங்களை மடித்துவிடுங்கள்.